தம்பியின் வலது முழங்கை

என் தம்பி பேஸ்போல் விளையாடுகிறான் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "ஏன், கிரிக்கெட்டிலை எடுக்கேல்லையோ?" என்றுதான். கல்யாண வீடு, பிறந்தநாள், செத்த வீடு, எங்கே போனாலும் யாராவது ஓர் அங்கிள் கையில் பேப்பர் தட்டோடு வந்து இதைக் கேட்பார். செத்த வீட்டில் தட்டு இருக்காது, கேள்வி மட்டும் இருக்கும்.

ஆரம்பத்தில் நான் பொறுமையாக விளக்கிப் பார்த்தேன். அவன் பிட்சர், அதாவது பந்தை எறிகிறவன், ஆட்டமே அவன் கையில்தான் இருக்கிறது என்றேன். கிரிக்கெட்டில் பந்து போடுகிறவன் முழங்கையை மடித்து எறிந்தால் குற்றம், இதில் அப்படி எறிவதுதான் வேலையே என்றேன். "அப்ப கள்ளப் பந்தெல்லே எறியிறான்" என்று ஓர் அங்கிள் தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தட்டிலிருந்த ரோல்ஸைக் கடித்தார். அதோடு விளக்குவதை விட்டுவிட்டேன். யார் கேட்டாலும், "ஓம் அங்கிள், கிரிக்கெட்டிலை எடுக்கேல்லை" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விடுவேன்.

நாங்கள் அப்போது சிட்னியின் பென்டில் ஹில்லில், ஸ்டேஷனுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில், ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அம்மா ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் மரக்கறி வெட்டினார். எனக்கும் தம்பிக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், அவன் சிட்னியில் பிறந்தவன். அவனுக்குப் பத்து வயதாக இருந்தபோது, பள்ளிக்கூட நண்பன் ஒருவனுடைய அணிக்கு ஆள் குறைகிறது என்று ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனார்கள். காதுவரை இறங்கும் தொப்பியோடு வீட்டுக்கு வந்தான். அடுத்த சனிக்கிழமையும் போக வேண்டும் என்றான். வீட்டில் சனிக்கிழமை காலையில் நித்திரை கொள்ளாமல் கார் ஓட்டக்கூடிய ஆள் நான் ஒருத்திதான் இருந்தேன். அப்படித்தான் எனக்கும் பேஸ்போலுக்கும் சம்பந்தம் ஏற்பட்டது.

எறிந்து பழக ஒரு பிட்சருக்குப் பந்தைப் பிடிக்க ஆள் வேண்டும். அதற்கும் நான்தான். எறிகிறவனுக்கும் பிடிக்கிறவளுக்கும் இடையில் பதினெட்டு மீற்றருக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். எங்கள் பின்வளவில் கராஜ் கதவிலிருந்து வேலியோரக் கத்தரிப் பாத்திவரை அளந்தால் அரை மீற்றர் குறைந்தது. ஆகவே அவன் அம்மாவின் கத்தரிப் பாத்திக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு எறிவான். நான் பெயின்ட் வாளியொன்றைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்து, பழைய தோல் கையுறையை நீட்டிக்கொண்டிருப்பேன். பதினாறு வயதில் அவன் பந்து வந்த வேகத்துக்கு நான் கண்ணை இறுக்கி மூடிவிடுவேன். "அக்கா, கண்ணை மூடாதேங்கோ, பந்து உங்களைத் தேடி வராது, நீங்கள்தான் அதைப் பார்க்கவேணும்" என்பான். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து வாளியில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு உபதேசம் வேறு.

அந்த நாட்களில்தான் மெல்பேர்ணிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வந்தது. தேநீர்த் தட்டை நீட்டியபோது மாப்பிள்ளையின் அம்மா என் பெருவிரலைப் பார்த்துவிட்டார். அது வீங்கி, நகம் கறுத்துப் போயிருந்தது.

"என்ன பிள்ளை, கதவிடுக்கிலை நசிஞ்சு போச்சோ?"

"இல்லை அன்ரி. தம்பியின்ரை பந்து. கடைசி நேரத்திலை கீழை விழும், பிடிக்கிறது கஷ்டம்."

அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. அம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. எனக்கென்னவோ அந்த அன்ரியில் கோபம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை அரையிறுதி இருந்தது, அந்த யோசனையிலேயே இருந்துவிட்டேன்.

அவன் எறிவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். வீட்டில் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைக்கத் தெரியாத பெடியன், அந்த மண் மேட்டில் ஏறி நின்றவுடன் வேறு ஆளாகிவிடுவான். இடது முழங்காலை நெஞ்சுவரை தூக்குவான். ஒரு கணம் அப்படியே நிற்பான். பிறகு உடம்பு முழுவதும் முன்னே போய்விடும், கை மட்டும் கடைசியாக வரும். மட்டையோடு நிற்கிறவன் பந்து நெஞ்சுக்கு வருகிறது என்று பின்னுக்குச் சாய்வான், பந்து வளைந்து அவன் முழங்காலடியில் போய் விழும். அந்த நேரத்தில் நான் கதிரையை விட்டு எழும்பித் தமிழில்தான் கத்துவேன். மற்றப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாருக்கு ஒன்றும் விளங்காது, ஆனால் நான் கத்தினால் நல்லது நடந்திருக்கிறது என்று அவர்களும் கைதட்டுவார்கள்.

எனக்கு அந்த அணியில் ஒரு பதவியும் இருந்தது. பிட்சர்களின் முழங்கை ஒரு நாளுக்கு இத்தனை எறிகளைத்தான் தாங்கும். அதற்கு மேலே போனால் உள்ளே இருக்கிற தசைநார் கெட்டுப்போகும். ஆகவே யாராவது ஒருவர் ஒவ்வோர் எறியையும் எண்ண வேண்டும். விமானத்தில் ஏறுகிறவர்களை எண்ணுவதற்குப் பணிப்பெண் கையில் ஒரு சின்னப் பொருள் வைத்திருப்பாளே, பெருவிரலால் அழுத்தினால் ஓர் எண் கூடும், அந்தக் கிளிக்கரைக் கோச் என் கையில் தந்துவிட்டார். நான் இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் இரத்தம் எடுக்கிறவள். நாள் முழுக்க மனிதர்களின் முழங்கை மடிப்பைத் தடவி நரம்பு தேடுவதுதான் என் பிழைப்பு. முழங்கை விஷயத்தில் என்னைவிடப் பொருத்தமான ஆள் யார் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

தம்பிக்கு எழுபத்தைந்து எறிகள் என்று கோச் எல்லை வைத்திருந்தார். எழுபதிலேயே நான் எழும்பி நிற்பேன். எழுபத்தைந்தானவுடன் வேலிக்குக் கிட்டப் போய், "போதும், ஆளை எடுங்கோ" என்று கூப்பிடுவேன். ஒருமுறை ஓர் இறுதி ஆட்டத்தில், இன்னும் ஒரே ஒருவனை வெளியேற்றினால் வெற்றி, நாலைந்து எறி மேலே போனால் பரவாயில்லை என்று கோச் சொன்னார். நான் பாட்டா செருப்போடு மைதானத்துக்குள் இறங்கி நடந்தேன். கிளிக்கரை அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன். தம்பி தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். அவனை எடுத்தார்கள், அடுத்து வந்தவன் கோட்டைவிட்டான், நாங்கள் தோற்றோம். வீட்டுக்குப் போகும்வரை தம்பி அந்தத் தொப்பியை முகத்திலிருந்து எடுக்கவில்லை. நான் செய்தது சரி என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை. இப்போதும் இல்லை.

பத்தொன்பதாவது வயதில் அவனுக்கு முழங்கையின் உட்பக்கம் வலிக்கத் தொடங்கியது. எறியும்போது இல்லை, எறிந்த அடுத்த நாள். பல் தீட்டும்போது கையை மாற்றிப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு நான்தான் வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனேன். தசைநார் கிழியவில்லை, இழுபட்டிருக்கிறது என்றார்கள். மூன்று மாதம் பந்தைத் தொடக்கூடாது. ரப்பர் பட்டியை இழுத்துப் பயிற்சி செய்ய வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எறியலாம்.

அந்த மூன்று மாதமும் வீட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத மாதிரி இருந்தது. அவன் சாப்பிட்டான், படிக்கப் போனான், வந்தான், ரப்பர் பட்டியை இழுத்தான். எதைக் கேட்டாலும், "இட்ஸ் ஓகே அக்கா." பின்வளவில் வாளி கவிழ்ந்தபடியே கிடந்தது. அம்மாவின் கத்தரிக்காய் மட்டும் வழக்கத்தைவிட நன்றாகக் காய்த்தது.

எனக்குப் பயம். அவனுக்குப் பேஸ்போலை விட்டால் வேறொன்றும் இல்லை என்ற பயம் அல்ல, அவன் கெட்டிக்காரன், எதையாவது செய்து பிழைத்துக்கொள்வான். என் சனிக்கிழமைகள் போய்விடும் என்ற பயம். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, நாங்கள் வழக்கமாகப் போகும் சின்னக் கோயிலுக்குப் போனேன். தொழிற்பேட்டைக்குள், ஒரு பக்கம் டயர் மாற்றும் கடை, மறுபக்கம் குசினி அலுமாரி செய்யும் பட்டறை, நடுவில் ஒரு பெரிய கொட்டகை, அதுதான் கோயில். பிள்ளையாருக்கு முன்னால் நின்று நேர்த்திக்கடன் வைத்தேன். தம்பியின் கை சுகமாகி அவன் திரும்ப எறிந்தால், அவன் கையாலேயே நூற்றெட்டுத் தேங்காய் சிதறடிக்கிறோம். சும்மா பத்து, இருபது என்று பேரம் பேசினால் பிள்ளையாருக்கு மரியாதை இல்லை என்று நினைத்து நூற்றெட்டு என்றேன்.

கை சுகமானது. நான்காவது மாதம் மெதுவாக எறிந்தான், ஆறாவது மாதம் முழு வேகத்தில் எறிந்தான். முன்பைவிட வேகம் கூடியிருக்கிறது என்று கோச் சொன்னார். ஒருநாள் மெல்பேர்ணிலிருந்து ஒரு பெரிய அணியின் ஆள் தொலைபேசியில் அழைத்தார். இன்னும் மூன்று கிழமையில் புதிய ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், வந்து எறிந்து காட்டச் சொன்னார். தம்பி தொலைபேசியை வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். அவன் என்னைத் தூக்கியது அதுதான் முதல்தடவை.

அப்போதுதான் எனக்கு நேர்த்தி ஞாபகம் வந்தது. நேர்த்தியை முடிக்காமல் இவ்வளவு பெரிய காரியத்துக்குப் போகலாமா? தெரிவுக்கு ஐந்து நாளைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தேன். பென்டில் ஹில் கடைக்காரரிடம் நூற்றெட்டுத் தேங்காய்க்கு முதலே சொல்லி வைத்தேன். "என்ன பிள்ளை, கேட்டரிங் தொடங்கீற்றியளோ?" என்றார். நாலு சாக்கையும் ஏற்றியபோது என் காரின் பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி இறங்கியது. வழி முழுக்கத் தேங்காய்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன, நான் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

கோயில் வாசலில், கார் நிறுத்தும் இடத்தின் ஓரமாக, தேங்காய் அடிப்பதற்கு ஒரு கருங்கல் தொட்டி இருக்கிறது. ஐயர் வெளியே வந்து சாக்குகளைப் பார்த்தார்.

"நூற்றெட்டோ? பிள்ளை, ஆர் உடைச்சாலும் பிள்ளையார் ஏற்றுக்கொள்ளுவார். குடும்பத்திலை ஆளுக்குக் கொஞ்சமாப் பிரிச்சு உடையுங்கோ."

"இல்லை ஐயா, தம்பியின்ரை கையாலை எண்டுதான் நேந்தனான்" என்றேன்.

தம்பி முதல் தேங்காயை எடுத்து உருட்டிப் பார்த்தான். வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான். என் பக்கமாகத் திரும்பி மெல்லக் கேட்டான்.

"அக்கா, இடது கையாலை உடைக்கட்டோ?"

"உனக்கென்ன விசரோ? கோயிலிலையோ இடது கை?"

நான் கொஞ்சம் பலமாகவே சொல்லிவிட்டேன். நின்ற நாலு சனம் திரும்பிப் பார்த்தது. அவனுக்கு முகம் சிவந்தது. தேங்காயைத் திரும்ப வலது கைக்கு மாற்றினான்.

சிதறு தேங்காய் என்றால் சிதற வேண்டும். இரண்டாகப் பிளந்தால் போதாது, தூளாக வேண்டும், அதற்கு விசை வேண்டும். அவனுக்கு மெதுவாக எறியத் தெரியாது. முதல் தேங்காய் வெடித்த சத்தத்தில் டயர் கடையிலிருந்து இரண்டு பேர் வெளியே வந்தார்கள். ஐந்தாவது தேங்காய்க்குக் கைதட்டினார்கள். சின்னப் பிள்ளைகள் ஓடி ஓடிச் சிதறிய தேங்காய்ச் சொட்டுகளைப் பொறுக்கினார்கள். தேங்காய்த் தண்ணீர் என் சேலைக் கரையெல்லாம் தெறித்தது. இப்படி ஒரு சிதறு தேங்காய் சிட்னியில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நான் பூரித்துப்போய் நின்றேன்.

பிள்ளையாருக்குக் கணக்குப் பிழைக்கக்கூடாது என்று நான் கிளிக்கரைக் கொண்டு போயிருந்தேன். ஆம், அதே கிளிக்கர். ஒவ்வொரு தேங்காய்க்கும் ஓர் அழுத்து. சில தேங்காய்கள் ஓடு தடித்தவை, கல்லில் பட்டுத் துள்ளி உருண்டோடும். அவற்றை எடுத்து வந்து திரும்ப எறிய வேண்டும். உடையாததை நான் எண்ணவில்லை. நேர்மையாக, உடைந்ததை மட்டும் எண்ணினேன். எழுபத்தைந்து வந்தது. மைதானத்தில் என்றால் செருப்போடு இறங்கியிருப்பேன். இங்கே நான், "இன்னும் முப்பத்து மூண்டுதான், கெதியா, கெதியா" என்றேன்.

தொண்ணூறுக்குப் பிறகு அவன் ஒவ்வொரு தேங்காய்க்கும் இடையில் கையை உதறினான். "என்னடா?" என்றேன். "இட்ஸ் ஓகே அக்கா" என்றான். நூற்றெட்டும் முடிந்தது. ஐயர் திருநீறு பூசிவிட்டார். காரில் ஏறியதும் அவன் இடது கையாலேயே சீட் பெல்ட்டை இழுத்து, மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய்ச் சிரமப்பட்டுப் பூட்டினான். பார்த்தேன். களைப்பு என்று நினைத்தேன்.

மெல்பேர்ணுக்கு நானும் போனேன். முதல் நாள் கேரம் டவுன்ஸ் கோயிலுக்கும் அழைத்துக்கொண்டு போய் ஓர் அர்ச்சனை செய்தேன், அங்கே தம்பி தேங்காய் ஒன்றும் உடைக்கவில்லை, அதை அந்தக் கோயில் ஐயர் பார்த்துக்கொண்டார். அடுத்த நாள் காலை நல்ல வெயில், காற்று இல்லை. பதினேழு பேர் எறிந்து காட்ட வந்திருந்தார்கள். தம்பியின் முறை வந்தது. அன்று யாரும் என்னை எண்ணச் சொல்லவில்லை, ஆனாலும் மனத்துக்குள் எண்ணினேன். முதல் எட்டு எறியும் அருமை. வேகம் பார்க்கும் கருவியைப் பிடித்திருந்தவர் பக்கத்திலிருந்தவருக்கு அதைக் காட்டினார். ஒன்பதாவது கொஞ்சம் உயரப் போனது. பத்து சரி. பதினோராவது எறியில் பந்து பிடிக்கிறவனின் தலைக்கு மேலாகப் போய் வேலியில் அடித்தது. தம்பி கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்தான். பிறகு நிமிர்ந்து, யாரும் கூப்பிடாமலே, மேட்டை விட்டு இறங்கி நடந்து வந்தான்.

அந்த அணியின் வைத்தியர் அவன் கையை அங்கும் இங்கும் அசைத்துப் பார்த்தார். இந்தக் கிழமை வேறு எங்கேயாவது எறிந்தாயா என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். தம்பி என் பக்கம் பார்க்காமல், "இல்லை" என்றான். நானும் வாயைத் திறக்கவில்லை. ஒரு கோச்சின் மூக்குக்கு நேரே கிளிக்கரை நீட்டியவளுக்கு அன்று நாக்கு எழும்பவில்லை.

தசைநார் முழுவதாகக் கிழிந்திருந்தது. கையின் வேறிடத்திலிருந்து நார் எடுத்து வைத்துத் தைத்தார்கள். ஒன்றரை வருடம் காத்திருந்து திரும்ப எறிந்தான். பந்து போனது, ஆனால் வளைய வேண்டிய இடத்தில் வளையவில்லை. வேகமும் முன்பு போல இல்லை. மட்டை பிடிக்கிறவர்கள் அவனுடைய பந்தை ஆற அமரப் பார்த்து அடித்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமையாக இருந்தது. இருபத்திரண்டு வயதில் ஒரு சனிக்கிழமை காலை நான் காரை ஸ்டார்ட் செய்து காத்திருந்தேன், அவன் வெளியே வந்து யன்னலில் தட்டி, "இண்டைக்குப் போகேல்லை அக்கா" என்றான். அதற்குப் பிறகு போகவே இல்லை.

எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அம்மா, விதி என்றார். அப்பா, எந்த எறியில் என்றாலும் கிழிந்திருக்கும் என்றார். அங்கிள்மார் கிரிக்கெட்டுக்கு விட்டிருக்கலாம் என்றார்கள். ஐயர், பெரிதாக வர இருந்தது தேங்காயால் சின்னதாகப் போனது என்றார். பெரிதாக எது வர இருந்தது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. தம்பியிடம் நான் எப்போதாவது அந்தப் பக்கமாகப் பேச்சை எடுத்தால், "இட்ஸ் ஓகே அக்கா." அதோடு கதை முடிந்துவிடும். நானும் என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன். நண்டுக்கறி காய்ச்சினேன், அவன் குளிரூட்டி திருத்தும் வேலைக்குப் படித்தபோது விண்ணப்பமெல்லாம் நிரப்பினேன், அவனுடைய கல்யாணத்துக்கு நான்தான் ஓடித் திரிந்தேன். பிறகு எனக்கும் கல்யாணம் நடந்து நானும் வேறு வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. யாருமே பிழை என்று சொல்லாத ஒன்றுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? வாயெடுத்தாலே, "சீ, உன்ரை பிழையோ அது" என்று நாலு பேர் என்னைத் தடவிக் கொடுக்க வந்துவிடுவார்கள்.

இப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. நார்த்மீட்டில் மனைவியோடு இருக்கிறான். போன மாதம் புதிய வேலை ஒன்றுக்கு இரத்தப் பரிசோதனை கேட்டார்கள் என்று நான் வேலை செய்யும் இடத்துக்கே வந்தான். காலை எட்டரை மணி, கூட்டம் இல்லை. "வேற ஆளிட்டைப் போகலாம்தானே" என்றேன். "நீங்கள் நோகாமல் எடுப்பீங்கள் எண்டு சனம் சொல்லுது" என்று சிரித்தான்.

முதலில் இடது கையில் தேடினேன், நரம்பு பிடிபடவில்லை. தண்ணீர் குடிக்காமல் வந்திருக்கிறான் என்று ஏசினேன். வலது கையை நீட்டச் சொன்னேன். அந்தக் கை முழுவதாக நிமிராது, கொஞ்சம் மடிந்தே நிற்கும். முழங்கையின் உட்பக்கம் நீளமான தழும்பு. ஒன்பது வருடமாக அந்தக் கையை நான் தொட்டிருக்கவில்லை என்பது பட்டியைக் கட்டும்போதுதான் எனக்குத் தெரிந்தது. நரம்பு உடனே கிடைத்தது. ஊசியை ஏற்றினேன், குழாயில் இரத்தம் வந்தது. ஊசி ஏற்றிய பிறகு கையைவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது, ஆகவே அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் துணிவில் கேட்டேன்.

"தம்பி, உனக்கு என்னிலை கோபமோ?"

 முதல் குழாய் நிறைந்தது. எடுத்துவிட்டு இரண்டாவதைப் பொருத்தினேன்.

"ஓம்" என்றான்.

ஊசி உள்ளே இருக்கும்போது இப்படிப் பதில் சொல்லக்கூடாது. என் கை ஆடவில்லை, அது மட்டும் எனக்குப் பெருமை.

"தேங்காய்க்கில்லை" என்றான். "கை எண்டைக்கோ ஒருநாள் போயிருக்கும். நிறையப் பேருக்குப் போகுது. நான் இடது கையாலை உடைக்கட்டோ எண்டு கேட்டனான். என்ரை கையைப் பற்றி எனக்குத்தானே தெரியும். நீங்கள் அவ்வளவு சனத்துக்கு முன்னாலை விசரோ எண்டனீங்கள். பிறகு ஏன் கேட்டனான் எண்டு ஒரு நாளும் நீங்கள் கேக்கேல்லை."

இரண்டாவது குழாயும் நிறைந்தது. பட்டியை அவிழ்த்தேன், ஊசியை எடுத்தேன், பஞ்சை வைத்து அழுத்தினேன். வழக்கமாக ஆட்களையே அழுத்திப் பிடிக்கச் சொல்வேன். அன்று நானே பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. ஆனால் ஒன்பது வருடத்தில் முதல்தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது. இது என் பிழை என்று ஒருவன் சொல்லிவிட்டான். இனி நான் கேட்கலாம்.

"மன்னிச்சுக்கொள்ளடா தம்பி" என்றேன்.

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் இந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவனும் கேட்டிருக்க மாட்டான். என்ன செய்வதென்று தெரியாமல் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வாசித்தான்.

"சரி அக்கா" என்றான். எழும்பிச் சட்டைக் கையை இறக்கிவிட்டான். கதவடியில் நின்று யோசித்தான்.

"ஆனால் இன்னும் கொஞ்சக் காலத்துக்குக் கோபம் இருக்கும்."

"இருக்கட்டும்" என்றேன்.